ஐந்தரைச் சுற்று

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். என் வகுப்பு நண்பர் ஒருவர் சந்திரயானைப் பற்றியும், இன்னொருவர் கருந்துளையைப் பற்றியும் எழுதப் போவதாகச் சொன்னார்கள். எனக்கும் வானத்தைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வானத்துப் பொருளன்று. விரித்த உள்ளங்கையளவே உள்ள ஓர் அலுமினிய வளையம். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்த வளையத்திற்கு ஸ்பேசர் என்று பெயர். காரின் சக்கரத்திற்கும், சக்கரம் பூட்டப்படும் ஹப்புக்கும் நடுவே வைப்பது. சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலாமாண்டுத் தேர்வு முடிந்ததும், நாமக்கல்லுக்கு அருகில் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு டயர்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சக்கரம் கழற்றுவது, பஞ்சர் ஒட்டுவது, அலைன்மெண்ட் பார்ப்பவருக்கு எடுபிடி செய்வது இவையே என் வேலை. அடுத்த பருவக் கட்டணத்திற்கு அந்தக் கூலிதான் வழி. பட்டறையின் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "காலேஜு, அந்தப் பதினேழு பானாவ எடு" என்பார். முதலில் கேலி என்று நினைத்து வருந்தினேன். பிறகுதான் அதில் ஒரு பெருமிதம் ஒளிந்திருப்பது தெரிந்தது.

சேர்ந்த இரண்டாம் வாரமே அவரிடம் ஒரு பாடம் கற்றேன். அலாய் சக்கரம் ஒன்றைப் பூட்ட நான் ஏர் கன்னை எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மொதல்ல நட்ட கையில சுத்து, காலேஜு. எத்தன சுத்து போவுதுன்னு எண்ணு. கை சொல்றத மிசினு சொல்லாது."

"எத்தனை சுற்று போகணுங்ணா?"

"போல்ட்டு எவ்வளவு தடிமனோ, அவ்வளவு ஆழமாச்சும் மரைக்குள்ள போவோணும்."

அன்று மதியம் உணவு வேளையில் அதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்களிடம் வரும் சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர்; மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு நட்டு 1.25 மில்லிமீட்டர் முன்னேறும். 12 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டுமானால் ஒன்பதரைச் சுற்றுக்கு மேல் வேண்டும். அண்ணனிடம் சொன்னேன். "நான் பத்துன்னு வெச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

இன்னொரு நாள் அவருக்கு நான் உதவ முடிந்தது. சக்கரம் வாங்கினாலும் ஸ்பேசர் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது துளைகளின் நடுப்புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம். பட்டறையில் அதைப் பி.சி.டி. என்பார்கள். நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும். ஐந்து துளை என்றால் ஒரு துளைக்கு நேர் எதிரே துளை இராது. அண்ணன் அட்டையில் வட்டம் வரைந்து பார்த்துக் கொண்டிருந்தார். அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை 36 பாகையின் சைன் மதிப்பான 0.588 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும் என்றேன். அளந்தது 67.2 மில்லிமீட்டர். வகுத்தால் 114.3. வண்டியின் கைப்புத்தகத்திலும் அதே எண் இருந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த கோணவியல் சோறு போடும் இடத்தில் உதவிய நாள் அது. அண்ணன் அந்த எண்ணைச் சுவரில் சாக்பீசால் எழுதி வைத்தார்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று அண்ணன் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். மதியம் ஓர் இளைஞர் பழைய ஸ்விஃப்ட் காரில் வந்தார். புதிதாக நான்கு அலாய் சக்கரங்கள் வாங்கி வந்திருந்தார். பழைய இரும்பு டிஸ்கைவிட அவை ஓர் அங்குலம் அகலம் கூடியவை. அகலம் இரு பக்கமும் சமமாகப் பிரிவதால், சக்கரத்தின் உள்விளிம்பு 12.7 மில்லிமீட்டர் உட்புறம் நகர்ந்துவிட்டது. முன்பக்கம் பூட்டிப் பார்த்தால் டயர் அதிர்வுதாங்கித் தூணில் உரசியது. 'ஸ்பேசர் போட்டால் சரியாகிவிடும்' என்றார் முதலாளி. பெட்டியில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த 8 மில்லிமீட்டர் வளையங்கள் இரண்டு இருந்தன. பி.சி.டி. 100. காருக்கும் அதுவே. துளைகள் பொருந்தின. பொருந்தியது போதும் என்று நினைத்தோம்.

வளையத்தை வைத்து, சக்கரத்தைத் தூக்கி மாட்டி, அண்ணன் சொன்னபடி நட்டைக் கையால் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது சுற்றின் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த நட்டும் அப்படியே. காரணம் எளிது. இரும்பு டிஸ்க் சில மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு. அலாய் சக்கரம் நட்டு உட்காரும் இடத்தில் அதைவிடப் பருமன். அதனோடு 8 மில்லிமீட்டர் வளையமும் சேர்ந்தது. ஸ்டட்டு மட்டும் பழைய நீளம். ஐந்தரைச் சுற்று என்றால் ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை. வேண்டியது 12.

நான் எழுந்து முதலாளியைப் பார்த்தேன். அவர் அந்த இளைஞரோடு பில் பேசிக் கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வேடிக்க பாத்துட்டு நிக்கிற? கன்ன எடுத்து இறுக்கு. நேரமாவுதில்ல?"

அந்த நொடியில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன் முதலாளியிடம், அதுவும் வாடிக்கையாளர் முன்னிலையில், இது தவறு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் திங்கட்கிழமை வேலை இருக்குமா? எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கட்டணத்திற்காகக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை. ஏர் கன்னை எடுத்தேன். எட்டு நட்டுகளும் 'டர்ர்' என்ற சத்தத்தோடு இறுகின. அந்தச் சத்தம் கேட்பவருக்கு நம்பிக்கை தரும் சத்தம்.

காரை எடுக்கும்போது அந்த இளைஞர் மகிழ்ச்சியோடு சொன்னார்: "நாளைக்குக் கொல்லிமலை போறமுங்க தம்பி. அம்மா, அக்கா, அக்கா பையன் எல்லாரும் வர்றாங்க. அறப்பளீசுவரர் கோயிலுக்கு ரொம்ப நாளா வேண்டுதல்."

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு என்பது எங்கள் மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும்.

இரவு தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தேன். சக்கரத்தின் மீதான வண்டியின் எடையை அந்த நான்கு ஸ்டட்டுகளும் ஆணியில் சட்டை தொங்குவது போலத் தாங்குகின்றன என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது தவறு. நட்டை இறுக்கும்போது ஸ்டட்டு மிக நுண்மையாக நீளுகிறது. நீண்ட ரப்பர் போலச் சுருங்க முயன்று, சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் இடையே பிறக்கும் உராய்வே எடையைத் தாங்குகிறது.

இதற்கு ஒரு தோராய விதி உண்டு. திருப்புத்திறனை, ஸ்டட்டின் விட்டத்தையும் 0.2 என்ற எண்ணையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஏறத்தாழ 41,700 நியூட்டன் வருகிறது. அதாவது நாலேகால் டன். நான்கு ஸ்டட்டுக்கு 17 டன். உராய்வுக் குணகம் 0.15 என்று குறைவாகவே கொண்டாலும் இரண்டரை டன் பிடிப்பு. ஒரு டன் காரில் ஒரு சக்கரத்தின் பங்கு கால் டன்தான். பத்து மடங்கு காப்பு! இதைக் கண்டதும் ஒரு கணம் நிம்மதி ஏற்பட்டது.

அடுத்த கணமே அது போய்விட்டது. அந்த நாலேகால் டன்னையும் பிடித்துக் கொண்டிருப்பது மரையல்லவா? வேண்டிய மரையில் பாதியைச் சற்றே தாண்டித்தான் நான் கொடுத்திருக்கிறேன். ஏர் கன்னோ அளவு தெரியாமல் இறுக்குவது. மரை உருண்டு போயிருந்தால் பிடிப்பு போய்விடும். பிடிப்பு போனால் எடை உண்மையிலேயே ஸ்டட்டின் மேல் விழும். அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட்டு ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் வளையும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலை. அதற்கு மேல் 70 வளைவுகள்.

காலை ஐந்தரைக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தன சுத்து?"

"ஐந்தரைங்ணா."

சிறிது நேரம் பேச்சில்லை. "அந்தத் தம்பிக்குப் போனப் போட்டு நிறுத்து. ஓனருகிட்ட நாம் பேசிக்கறேன். பழைய டிஸ்க்கு பட்டறைலதான இருக்குது?"

கார் தயாரானதும் அவருக்குச் செய்தி சொன்னது நான்தான். அதனால் எண் என்னிடம் இருந்தது. இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார். மலையடிவாரத்தில் காரவள்ளியில் தேநீர் குடித்துக் கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"அண்ணா, மேல ஏறாதீங்க. வண்டிய அங்கயே நிறுத்துங்க. நாங்க வர்றோம்."

"ஏனுங் தம்பி? ஆமா, காலையில இருந்து ஸ்டியரிங்குல ஒரு நடுக்கம் இருக்குது. புது வீலு, போகப் போகச் சரியாயிடும்னு நெனச்சேன்."

பழைய சக்கரங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கார் ஒரு புளியமர நிழலில் நின்றது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் அருகில் விளையாடிக் கொண்டிருந்தான். இடப்பக்க முன்சக்கரத்தின் நட்டுகளில் இரண்டு என் விரலுக்கே சுழன்றன. ஒன்றைக் கழற்றியபோது, சுருள் கம்பி போல மரையின் ஒரு துண்டு அதனோடு வந்தது. அண்ணன் அதை என் கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பழைய இரும்புச் சக்கரங்களுக்கு அந்தப் பக்கத்து ஸ்டட்டு ஆகாது என்று, கையோடு கொண்டு வந்திருந்த ஸ்டட்டுகளை அடித்து மாற்றி, இரண்டு மணி நேரத்தில் பூட்டிக் கொடுத்தார். அந்தக் குடும்பம் மலையேறியது.

முதலாளி என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. 'அப்பவே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?' என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. ஸ்டட்டின் விலையை அவரே ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரம் அளவு காட்டும் டார்க் பானா ஒன்றும் பட்டறைக்கு வந்தது.

அந்த இளைஞருக்கு அலாய் ஆசை விடவில்லை, மறுபடி வந்தார். சரியான 'ஈ.டி.' எண் உள்ள சக்கரமாக மாற்றிக் கொண்டால் ஸ்பேசரே வேண்டாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். சக்கரத்தில் பொறித்திருக்கும் அந்த எண், ஹப்பில் பொருந்தும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதைக் குறிப்பது. ஒரு ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். 45 உள்ள சக்கரத்திற்கு 8 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் அது 37 உள்ள சக்கரம் போல நிற்கும். வாங்கும் முன்பே இதைப் பார்த்திருந்தால் வளையத்திற்கு வேலையே இல்லை. வாங்கிய கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே முறையாகப் பூட்டுவது என்று முடிவாயிற்று. இம்முறை எல்லாவற்றையும் அளந்தோம்.

காரின் ஹப்பு நடுவே புடைத்திருக்கும் பகுதி 54.1 மில்லிமீட்டர். அலாயின் நடுத்துளை 73.1. பழைய வளையத்தின் துளையோ இரண்டோடும் சேராமல் தொளதொளவென்று இருந்தது. அதனால் சக்கரம் மையத்தில் நிற்கவில்லை. ஸ்டியரிங் நடுக்கத்திற்கு அதுவும் காரணம். லேத் பட்டறையில் புதிய வளையம் கடைந்து வாங்கினோம். உட்துளை 54.1, வெளிப்பக்கம் 73.1 அளவில் ஓர் உதடு. வளையம் ஹப்பில் மையமாக உட்காரும். சக்கரம் வளையத்தில் மையமாக உட்காரும். ஸ்டட்டுகளை பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, 10 மில்லிமீட்டர் நீளம் கூடியவற்றைப் பொருத்தினோம். வளையம் இன்னும் பருமனாக, 20 மில்லிமீட்டர் போல வேண்டியிருந்தால், தனக்கென்று ஸ்டட்டு உள்ள வகையே ஏற்றது என்றார் அண்ணன். அந்த வகையில் வளையத்தை ஹப்பில் ஒருமுறையும், சக்கரத்தை வளையத்தில் ஒருமுறையும் பூட்ட வேண்டும்.

பூட்டும் முறையையும் அன்றுதான் முழுமையாகப் பார்த்தேன். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருப் போகத் தேய்த்தார். வளையத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. பெயிண்ட் நாளடைவில் நசுங்கி விலகும்போது அந்த அளவுக்கு இறுக்கம் குறையும். வளையம் ஹப்பின் அடிவளைவில் ஏறி நிற்காமல் முழுவதும் படிந்திருக்கிறதா என்று ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பார்த்தார். நட்டின் கூம்பு, சக்கரத்தின் குழியோடு ஒத்திருக்க வேண்டும். மூடிய நட்டு என்றால் ஸ்டட்டு உள்ளே முட்டி, இறுகாமலே இறுகியதாக ஏமாற்றும். ஆகையால் அதன் ஆழத்தையும் அளந்தார். பிறகு நட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையில், கடைசித் தவணையை வண்டி தரையில் நின்ற பின் டார்க் பானாவால் இறுக்கினார். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்தார். 100 கிலோமீட்டருக்குள் திரும்ப வந்து இறுக்கத்தைச் சோதிக்கச் சொன்னார். அந்த இளைஞரும் வந்தார்.

இத்தனை செய்தும் அண்ணன் அவரிடம் ஒன்றை மறைக்கவில்லை. சக்கரம் வெளியே நகர்ந்தால், நீண்ட கையுடைய நெம்புகோல் போலப் பேரிங்கின் மேல் பளு கூடும். குழியில் விழும் அடி ஸ்டியரிங்கில் கூடுதலாகத் தெரியும். எட்டு மில்லிமீட்டருக்கு அது சிறிது. 30 மில்லிமீட்டருக்குச் சிறிதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று அண்ணன் வழியனுப்பினார்.

அன்று புது நட்டுகளைக் கையால் சுற்றியவன் நான்தான். எல்லோர் காதிலும் விழும்படி உரக்க எண்ணினேன். பதின்மூன்று சுற்று. முதலாளி நாற்காலியிலிருந்தே, "எத்தன?" என்று கேட்டார். "பதிமூணுங்க" என்றேன்.

நண்பர்களே, நம்மில் பலரும் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஆய்வகத்திலோ, ஆலையிலோ, அலுவலகத்திலோ வேலைக்குப் போவோம். அங்கே நமக்கு மேலே ஒருவர் இருப்பார், அவசரத்தில் இருப்பார். நமக்குத் தெரிந்த ஓர் எண்ணை அவரிடம் சொல்ல வேண்டிய நேரம் வரும். எனக்கு அந்தச் சனிக்கிழமை எண்ணத் தெரியாமல் இல்லை; சொல்லத்தான் தெரியவில்லை. ஓர் இரவு தாமதமாகச் சொன்னேன். நல்லவேளையாக அவர்கள் காரவள்ளியில் தேநீர் குடிக்க நின்றிருந்தார்கள்.

அந்த மரைச் சுருள் இன்னும் என் ஜியோமிதிப் பெட்டியில் இருக்கிறது. செய்முறைத் தேர்வில் அளவு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படுகிறது. படட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.